மூத்தவர் வைக்காத கையெழுத்து

ஓய்வு பெற்ற சட்டத்தரணியைச் சும்மா இருக்க விடமாட்டார்கள். போன மாதம் இளம் சட்டத்தரணி ஒருத்தி தொலைபேசியில் அழைத்து, "மிஸ், புதுசா வந்த பிள்ளைகளுக்கு எஸ்டேட் பிளானிங் பற்றிக் கொஞ்ச நேரம் கதைக்கேலுமோ?" என்று கேட்டாள். எஸ்டேட் என்றதும் எனக்குத் தேயிலைத் தோட்டந்தான் கண்ணுக்குள் வந்தது. நாங்கள் காலம் முழுக்க மரணசாதனம், உயில் என்று சொல்லிவந்ததற்கு இப்போது கிடைத்திருக்கும் மரியாதையான பெயர் அது என்று பிறகுதான் விளங்கியது. பெயரில் மரணம் இல்லாததால் ஆட்கள் பயப்படாமல் வருகிறார்களாம். நல்லதுதான், எப்படியாவது வரட்டும்.

போய்க் கதைத்தேன். கடைசியில் பின்வரிசைப் பிள்ளை ஒருவர் எழும்பி, "மிஸ், கட்சிக்காரர் முதன்முதலா வந்து கதிரையில இருந்தவுடன எதில தொடங்கிறது?" என்று கேட்டார். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது, மண்டபத்தையும் பூட்ட வந்துவிட்டார்கள். அன்று சொல்லாத மறுமொழியைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கொழும்பு, கொட்டாஞ்சேனைக்காரி. அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். சட்டக் கல்லூரி, பரீட்சைகள், சத்தியப்பிரமாணம், கறுப்புக் கோட்டு எல்லாவற்றையும் ஒரு வரியில் முடித்துவிடலாம், ஏனென்றால் தொழிலை நான் அங்கே கற்கவில்லை. நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைப் பகுதியில் ஒரு சாப்பாட்டுக்கடையின் மேல்மாடியில் இருந்த இரண்டு அறைகளில்தான் கற்றேன். அது மிஸிஸ் நவரத்தினத்தின் கந்தோர். காணி உறுதிகளும் மரணசாதனங்களும் முடிக்கிற நொத்தாரிசு அவர். சொந்த இடம் யாழ்ப்பாணம், இருப்பு வெள்ளவத்தையில். கஞ்சி போட்ட பருத்திச் சேலையும் கையில் ஆம்பிளை மணிக்கூடுமாக வருவார். என்னை ஒருநாளும் இருக்கச் சொன்னதில்லை, ஆனால் வருகிற கட்சிக்காரருக்குத் தானே எழும்பிக் கதிரை இழுத்துப் போடுவார். ஏசுவது ஆங்கிலத்தில், பாராட்டுவது தமிழில். அவரிடம் இருந்த காலத்தில் என் ஆங்கிலம் நன்றாகத் தேறியது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்த காலம் அது. கந்தோருக்கு வருவதற்குள் இரண்டு மூன்று இடத்தில் பையைத் திறந்து காட்ட வேண்டும். அடையாள அட்டை இல்லாமல் பக்கத்துக் கடைக்கும் போகமாட்டோம். சாவைப் பற்றி நாள் முழுக்கக் கதைத்த அந்தச் சனந்தான் மரணசாதனம் என்றால் காதைப் பொத்திக்கொண்டது. "எழுதினால் யமன் விலாசம் அறிஞ்சு வந்திடுவான்" என்பார்கள். துணிந்து வருபவர்களும் வெள்ளிக்கிழமை கையெழுத்து வைக்கமாட்டார்கள், அது லட்சுமிக்கு உரிய நாள். செவ்வாயும் கூடாது. மிச்ச நாட்களில் இராகுகாலம் பார்க்க வேண்டும். என் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கச் சனம் மட்டும் திறமா என்ன? நவம்பர் மாதம் மரித்த விசுவாசிகளின் மாதம் என்று ஒருவரும் படியேறமாட்டார்கள். இந்துக்களின் பஞ்சாங்கத்தையும் எங்கள் திருவழிபாட்டுக் கலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு நாள் குறித்த ஒரே கந்தோர் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

மிஸிஸ் நவரத்தினம் முதல் சந்திப்பில் பேனையைத் தொடமாட்டார். என்ன சொத்து இருக்கிறது என்றும் கேட்கமாட்டார். வந்தவர் இருந்து, மூச்சு வாங்கி, தேத்தண்ணி குடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி. "நாளைக்கு விடிய நீங்கள் இல்லையெண்டால் வீட்டில ஆருக்கு முதல் கஷ்டம்?"

சிலர் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனார்கள். போனவர்களில் முக்கால்வாசிப் பேர் மறுமொழியோடு திரும்பி வந்தார்கள். "சொத்தைக் கேட்டால் வீம்பு கதைப்பினம். ஆளைக் கேட்டால்தான் உண்மை வரும்" என்பது அவருடைய கணிப்பு.

புருசன் பெண்சாதி சோடியாக வந்தால் இருவரையும் வேறு வேறு அறையில் இருத்திக் கேட்பார். "ஒண்டா வைச்சுக் கேட்டால் ஆற்ரை சத்தம் பெரிசோ அவற்ரை மறுமொழிதான் வரும்." அடுத்தது, பிள்ளைக்குப் பொறுப்பாளர் என்று யாருடைய பெயரையாவது எழுதினால் அந்த ஆள் நேரில் வந்து ஓம் என்று சொல்ல வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் அவர் தலையில் பிள்ளையைக் கட்டுவது அநியாயம் என்பார். கையெழுத்து நாளில் எல்லோரும் தேத்தண்ணி குடித்து, கழிவறைக்கும் போய்வந்த பிறகுதான் கதவு சாத்தப்படும். கையெழுத்து வைக்காதவர் எவரும் உள்ளே நிற்கக்கூடாது. ஆங்கிலத்தில் எழுதியதை வரிவரியாகத் தமிழில் சொல்லி, விளங்கினதைத் திருப்பிச் சொல்ல வைப்பார். எழுதுபவர் கையெழுத்து வைப்பதைச் சாட்சிகள் பார்க்க வேண்டும், சாட்சிகள் வைப்பதை அவர் பார்க்க வேண்டும். கதவு சாத்தினால் கீழே கடை தீப்பிடித்தாலும் கையெழுத்து முடிந்துதான் வெளியே.

சாட்சி விடயத்தில் அவர் இவ்வளவு கண்டிப்பாக இருந்ததற்கு ஒரு வெள்ளவத்தைக் குடும்பம் காரணம். நொத்தாரிசு இல்லாமல் எழுதினால் ஐந்து சாட்சி வேண்டும் என்று யாரோ ஒரு முதலாளிக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குப் பிள்ளைகளும் ஐந்து பேர். மனுசன் சந்தோசமாக வீட்டிலேயே மரணசாதனம் எழுதி, பிறகு ஒருவரும் குறை சொல்லக்கூடாது என்று ஐந்து பிள்ளைகளையும் சாட்சிக்குக் கையெழுத்து வைக்கச் சொல்லிவிட்டார். சாட்சி வைத்தவருக்கு அந்த மரணசாதனத்தில் எழுதியது செல்லாது. அவர் செத்த பிறகு, கால் வழங்காத கடைசி மகளுக்கென்று எழுதிய வீடும் ஐந்து பேருக்கும் பொதுவாகிப் போனது. குறை வரக்கூடாது என்று இப்படி ஒற்றுமையாகக் குழியில் விழுவது எங்கள் சனத்தால்தான் முடியும். நல்ல காலம், மற்ற நான்கு பேரும் எங்கள் கந்தோருக்கு வந்து, தங்கள் பங்கைத் தங்கைக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்தார்கள். மிஸிஸ் நவரத்தினம் அதற்குக் கூலி வாங்கவில்லை.

இனி, நான் சொல்ல வந்த கதை.

மழைக்காலத்தில் ஒரு பின்னேரம் இளம் சோடி ஒன்று படியேறி வந்தது. ரவிக்குக் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் வேலை. ஜெனிக்கு அங்கேயே வங்கி வேலை. அவர் வெள்ளவத்தையில் வளர்ந்த யாழ்ப்பாணத்து இந்து, அவள் எங்கள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண். மூன்று வயதில் மீரா என்று ஒரு மகள். வெள்ளவத்தையில் ஒரு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இருவரும் இன்றைக்கும் சுகமாக இருக்கிறார்கள், அந்த மரணசாதனத்துக்கு இன்னும் வேலை வரவில்லை. ஆகவே பதறாமல் வாசியுங்கள்.

அவர்கள் வேலைக்கு ஒரே பஸ்ஸில் போவதில்லை. ரவி முதல் பஸ், ஜெனி அடுத்த பஸ். ஒன்றில் குண்டு வெடித்தாலும் பிள்ளைக்கு மற்றவர் மிஞ்ச வேண்டும் என்ற கணக்கு. அந்தக் காலத்தில் கொழும்பில் பல வீடுகளில் இருந்த ஏற்பாடுதான் இது, தமிழர் சிங்களவர் முஸ்லிம்கள் என்ற வேறுபாடில்லை.

"போன கிழமை நான் ஏறின பஸ் இடையில பழுதாப் போச்சு" என்றார் ரவி. "பின்னால வந்த பஸ்ஸில ஏத்திவிட்டாங்கள். பாத்தால் உள்ளுக்கு ஜெனி நிக்கிறா."

"கோட்டை வரைக்கும் பக்கத்துல பக்கத்துல நின்னுட்டு வந்தோம் மிஸ்" என்றாள் ஜெனி. "ஒரு வார்த்தை பேசல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே நினைப்பு."

மிஸிஸ் நவரத்தினம் தன் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அதற்கு மறுமொழி வந்துவிட்டது. "உங்கள் ரெண்டு பேருக்கும் ஒண்டா ஒண்டு நடந்தால், மீரா ஆரிட்டைப் போகவேணும்?" என்று மட்டும் கேட்டார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிக்கல் அங்கேதான் இருந்தது.

ரவியின் தகப்பன் நேரத்தோடு செத்துப்போக, அண்ணன் சிவநாதன் படிப்பை விட்டுவிட்டு வெள்ளவத்தையில் புடைவைக்கடை போட்டு, தம்பியைப் படிப்பித்தவர். தான் கலியாணம் கட்டாமலே இருந்துவிட்டார். தம்பி ஜெனியைக் கட்டப்போகிறேன் என்றதும் அவர் வாய் திறக்கவில்லை. பதிவுத் திருமணத்தன்று மாப்பிள்ளை பக்கச் சாட்சிக்கு அவருக்கென்று கதிரை போட்டுவைத்துக் காத்திருந்தார்கள். வரவில்லை. கந்தோர் நண்பர் ஒருவரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கினார்கள். அன்றிலிருந்து பேச்சு இல்லை, இருப்பது என்னவோ அடுத்தடுத்த ஒழுங்கைகளில். ஜெனிக்குத் தாய் தகப்பன் இல்லை. கொட்டாஞ்சேனையில் ரீட்டா என்று ஓர் அக்கா, பள்ளிக்கூட ஆசிரியை. சிவநாதனும் ரீட்டாவும் ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை.

வழக்கம்போல இருவரையும் பிரித்தோம். உள்ளே மிஸிஸ் நவரத்தினம் ரவியோடு, வெளியறையில் நான் ஜெனியோடு. அக்காவின் பெயரைத்தான் சொல்லப்போகிறாள் என்று நான் மனதுக்குள் எழுதியே விட்டேன்.

"அவரோட அண்ணன்" என்றாள் ஜெனி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களோட பேசாத மனுசனா?"

"என்னோடதான் பேசமாட்டார். ஒரு பிள்ளையப் பொறுப்பெடுத்தா நடுவுல விடமாட்டார் மிஸ். இவரே அதுக்கு சாட்சி. அக்கா பாவம், தனி ஆள்."

உள்ளே போய் ஒப்பிட்டால், ரவி ரீட்டாவின் பெயரைச் சொல்லியிருந்தார். "அண்ணர் அவளை ராசாத்தி மாதிரி வளர்ப்பார். ஆனால் ஜெனி எண்டு ஒரு தாய் இருந்ததைச் சொல்லிக் குடுப்பாரோ தெரியாது. ரீட்டா அக்கா எண்டால் என்னையும் சொல்லிக் குடுப்பா" என்றாராம்.

மிஸிஸ் நவரத்தினம் வாய்விட்டுச் சிரித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். அவரவர் தன் சனத்துக்காகச் சண்டை பிடிக்கிற தம்பதிகளையே பார்த்துப் பழகிய கந்தோர் அது. இருவரின் பெயரையும் எழுதுவதென்று முடிவாயிற்று. பிள்ளை ரீட்டாவோடு இருக்கும், சிவநாதன் கூட்டுப் பொறுப்பாளர். "இது நீதிமன்றத்தைக் கட்டாது" என்று மிஸிஸ் நவரத்தினம் ஒளிக்காமல் சொன்னார். "ஆனால் தாய் தகப்பன் என்ன நினைச்சினம் எண்டதை நீதிபதி வாசிக்காமல் விடமாட்டார்."

சொத்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சேமிப்பும் நகையும் ஒருவருக்கு ஒருவர், பிறகு மீராவுக்கு. ரவியின் வேலையிடத்துச் சேமலாப நிதியில் பணம் பெறுபவராக இன்னமும் செத்துப்போன தாயின் பெயர் கிடந்தது, அதை உடனே மாற்றச் சொன்னோம். ஊரில் தகப்பன் வழி வந்த வீடு ஒன்று, அண்ணனுக்கும் தம்பிக்கும் பாதி பாதி, அப்போது ஆமிக்காரர் இருந்த பகுதிக்குள். தன் பாதியை அண்ணனுக்கே எழுதச் சொன்னார் ரவி. அது ஜெனியின் யோசனை. "இவரைப் படிக்க வச்சவர் அவர்தானே" என்றாள்.

இனிச் சிவநாதன் நேரில் வர வேண்டும். அழைக்கிற துணிவு ரவிக்கு இல்லை. அவருடைய சம்மதத்தோடு மிஸிஸ் நவரத்தினமே கடைக்குத் தொலைபேசி எடுத்தார். "உங்கட தம்பி ஒரு எழுத்து முடிக்கிறார். நீங்களும் நிக்கவேணும்" என்று நாளையும் நேரத்தையும் சொன்னார். மறுபக்கத்தில் "ஓம்" என்று ஒரு சொல், அதோடு தொலைபேசி வைக்கப்பட்டது.

குறித்த நாளில் ரீட்டா எல்லோருக்கும் முந்தி வந்துவிட்டார். சாட்சிக்கு நானும் எதிர்க் கந்தோர் எழுதுவினைஞர் சுனிலும். சுனில் சிங்களவர், புதுக்கடையில் புழங்கிப் புழங்கித் தமிழ் நன்றாகக் கதைப்பார். சிவநாதனைக் காணவில்லை. அன்றைக்கு எங்கோ வீதியை மறித்துவிட்டார்கள் என்று கீழே கடையில் கதைத்தார்கள். நேரம் போகப் போக ரவி யன்னலை விட்டு அசையவில்லை. ஜெனி என்னிடம் வந்து மெதுவாக, "வரமாட்டார் மிஸ். அன்னைக்கும் இப்படித்தான் பாத்துட்டு இருந்தோம்" என்றாள். அந்த மனுசன் மட்டும் வராமல் விடட்டும், கடைக்கே போய் நாலு வார்த்தை கேட்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தார். வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது, நெற்றியில் திருநீறு பாதி அழிந்திருந்தது. இரண்டு தடையில் இறக்கிச் சோதித்தார்களாம், மிச்சத் தூரம் நடந்தே வந்திருக்கிறார். தம்பியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஜெனியின் பக்கம் பார்வை போகவில்லை. சட்டைப் பையிலிருந்து மைப்பேனையை எடுத்துத் திறந்துகொண்டே, மேசையருகில் இருந்த சுனிலைக் கண்டார்.

"இவர் ஆர்?"

"சாட்சி" என்றார் மிஸிஸ் நவரத்தினம்.

"எங்கட குடும்பத்தில மூத்த ஆள் சாட்சி வைக்காமல் ஒரு உறுதியும் முடிஞ்சதில்லை. அப்பர் இருக்கேக்கை அப்பர் வைச்சவர். இப்ப நான். அதுக்குத்தானே கூப்பிட்டனீங்கள்?"

கலியாணத்தில் வைக்க மறுத்த கையெழுத்தை இன்றைக்கு வைத்துச் சமன் செய்யத்தான் மனுசன் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"நீங்கள் வைக்கேலாது" என்றார் மிஸிஸ் நவரத்தினம். "இதில உங்களுக்கு ஒண்டு எழுதியிருக்கு. சாட்சி வைச்சால் அது செல்லாது." சொல்லட்டுமா என்பதுபோல ரவியைப் பார்த்தார். ரவியே சொன்னார். "ஊர் வீட்டில என்ர பாதியை உங்களுக்கு எழுதியிருக்கிறன் அண்ணை."

"எனக்கேன் அது? மீராவுக்கு எழுது. நான் சாட்சி நிக்கிறன்."

பிள்ளையின் பெயரை அவர் வாயிலிருந்து அவர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜெனி நிமிர்ந்து பார்த்தாள். மிஸிஸ் நவரத்தினம் மட்டும் இளகவில்லை.

"காணியை மாத்தலாம், அதொரு பக்கத்தைத் திரும்பத் தட்டெழுதிற வேலை. அப்பவும் நீங்கள் வைக்கேலாது. பிள்ளைக்குப் பொறுப்பாளர் எண்டும் உங்கட பேர் இருக்கு. சட்டம் தடுக்காது, நான் தடுப்பன். பொறுப்பாளரே சாட்சியும் நிண்டவர் எண்டு நாளைக்கு ஆரும் கேள்வி கேக்கக்கூடாது. சாட்சியோ பொறுப்பாளரோ, ஒண்டைச் சொல்லுங்கோ."

சிவநாதன் தம்பியின் பக்கம் திரும்பினார். "நீயோ என்ர பேரைச் சொன்னனீ?"

"இல்லை அண்ணை. ஜெனி."

சிவநாதன் முதல் முறையாக அவளைப் பார்த்து, "ஏன் பிள்ளை?" என்றார்.

"மொண்டிசோரிக்கு எதிர்ப் பக்கத்துல நீங்க வந்து நிக்கிறத நான் கண்டிருக்கேன்" என்றாள் ஜெனி. "மீரா உள்ள போற வரைக்கும் நின்னுட்டுப் போவீங்க. ஒரு நாள் மழையில குடையில்லாமலும் நின்னீங்க. இவருக்கு நான் சொல்லல்ல. சொன்னா நீங்க வாறத விட்டுடுவீங்கன்னு பயம்."

சிவநாதன் லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார், வியர்வையைத் துடைப்பதாகத்தான் காட்டிக்கொண்டார். நான் அழுதேவிட்டேன், அதை மறைக்கவும் இல்லை. சிவநாதன் தன் கையில் திறந்தபடி இருந்த பேனையைப் பார்த்தார். பிறகு, தம்பி என்று சிங்களத்தில் அழைத்து, சுனிலிடம் நீட்டினார்.

"மல்லி, நீங்கள் வையுங்கோ. இதாலை வையுங்கோ."

மிஸிஸ் நவரத்தினம் பொறுப்பாளர் இருவரையும் முன்னால் நிறுத்தி முறைப்படி கேட்டார். ரீட்டா ஓம் என்றார். சிவநாதனும் ஓம் என்றார், இந்த முறை தொலைபேசியில் கேட்ட குரல் இல்லை. நான் காணிப் பந்தியில் மீராவின் பெயரைப் போட்டு அந்தப் பக்கத்தைத் திரும்பத் தட்டெழுதினேன். அவசரத்தில் இரண்டு தாள் வீணாயிற்று, அதற்கு ஆங்கிலத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சிவநாதனையும் ரீட்டாவையும் வெளியறையின் நீள வாங்கில் இருத்திவிட்டுக் கதவைச் சாத்தினோம். ரவியினது ஒன்று, ஜெனியினது ஒன்று, இரண்டு மரணசாதனமும் வரிவரியாக வாசிக்கப்பட்டன. சுனில் அந்த மைப்பேனையால் அழகான வட்டச் சிங்கள எழுத்தில் கையெழுத்து வைத்தார். சிவநாதன் குடும்பத்தில் மூத்த ஆள் சாட்சி வைக்காமல் முடிந்த முதல் சொத்து எழுத்து அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முடிந்து நான் கதவைத் திறந்தபோது வாங்கின் இரண்டு தொங்கலிலும் இருத்திவிட்டுப் போன இருவரும் நடுவுக்கு வந்திருந்தார்கள். பிள்ளையின் சாப்பாடு சைவமோ அசைவமோ என்று சிவநாதன் விசாரணை நடத்திக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமையில பிள்ளைக்கு மச்சம் குடுக்கிறதோ?"

"வெள்ளிக்கிழமை நாங்களும் இறைச்சி தொடமாட்டோம் அண்ணன்" என்றார் ரீட்டா. "மீன் மட்டுந்தான்."

"மீனும் மச்சந்தானே."

"எங்களுக்கு இல்லையே."

சிவநாதன் யோசித்தார். பெரிய வழக்கு ஒன்றைத் தீர்ப்பதுபோல நெற்றியைச் சுருக்கினார். "அப்ப ஒண்டு செய்வம். வெள்ளிக்கிழமையில பிள்ளை என்னட்டைச் சாப்பிடட்டும். பள்ளி விடேக்கை நானே போய்க் கூட்டிக்கொண்டு வாறன்." சொல்லிவிட்டுத்தான், கேட்க வேண்டிய ஆள் யார் என்று நினைவு வந்து, கதவடியில் நின்ற ஜெனியைத் திரும்பிப் பார்த்தார். "என்ன பிள்ளை, விடுவீரோ?"

"நாளைக்கே வெள்ளிக்கிழமைதான் அண்ணை" என்றாள் ஜெனி.